ஒமேலாஸ் நகரைக் கட்டியவர் யார்?

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ க்வின் எழுதிய ‘ஒமேலாஸை விட்டு நீங்குபவர்கள்’ என்னும் சிறுகதையில் எந்தெந்தச் சொல்லுத்திகள் கையாளப்பட்டுள்ளன, அவை கதையின் கருப்பொருளோடு எவ்வாறு இணைகின்றன என்பது கேள்வி. கேட்டவர் ஒரு விடையையும் கூடவே தந்திருக்கிறார்: பலருடைய இன்பத்துக்காக ஒருவரைத் துன்பத்தில் ஆழ்த்துவது அறமாகுமா என்பதே கரு, வருணனை, முரண், குறியீடு ஆகிய மூன்றும் உத்திகள். இதில் தவறு ஏதுமில்லை. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண்ணும் விழும். ஆயினும் இந்த விடை கதையின் பின்பாதிக்கு மட்டுமே பொருந்துகிறது. அந்த அறக்கேள்வியை எழுப்புவதற்கு நிலவறையில் அடைக்கப்பட்ட குழந்தை ஒன்றே போதும். அப்படியிருக்க, அந்தக் குழந்தையைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் கதைசொல்லி ஏறத்தாழப் பாதிக் கதையை வாசகரோடு பேரம் பேசுவதிலும், சொன்னதைத் தாமே மறுப்பதிலும், மகிழ்ச்சியைப் பற்றி வாதிடுவதிலும் ஏன் செலவிடுகிறார்? என் விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்த ‘நியூ டைமன்ஷன்ஸ்’ மூன்றாம் தொகுதியில் வெளிவந்து, 1974-இல் சிறந்த சிறுகதைக்கான ஹ்யூகோ விருதை (அறிவியல் புனைகதைக்குத் தரப்படும் விருது) பெற்ற இது சில பக்கங்களே நீளும் கதை. கடலோர நகரமான ஒமேலாஸில் கோடைத் திருவிழா நடக்கிறது. மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: நகரின் ஏதோ ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஒரு குழந்தை அரைப்பட்டினியிலும் அழுக்கிலும் இருட்டிலும் பூட்டப்பட்டிருக்க வேண்டும், அதனிடம் கனிவான சொல் ஒன்றுகூடப் பேசப்படக் கூடாது. எட்டு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் இந்த உண்மை ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கப்படுகிறது. பெரும்பாலோர் அழுது, சினந்து, பிறகு ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் மட்டும் வீடு திரும்பாமல் நகரை விட்டே நடந்து போய்விடுகிறார்கள். பெயர் சொல்லப்பட்ட கதைமாந்தர் ஒருவரும் இல்லை. திருப்பங்களோடு நகரும் கதைப்பின்னலும் இல்லை. ஆகவே இந்தக் கதையில் நடப்பவற்றில் பெரும்பகுதி சொல்முறையில்தான் நடக்கிறது.

தொடக்கம் திருவிழா வருணனை. மணிகள் முழங்கக் குருவிகள் மேலெழுகின்றன. துறைமுகத்துப் படகுகளின் கயிறுகளில் கொடிகள் மின்னுகின்றன. சிவப்புக் கூரை வேய்ந்த வீடுகளுக்கும் பாசி படர்ந்த பழைய தோட்டங்களுக்கும் இடையே, விறைப்பான நீள அங்கி அணிந்த முதியவர்களும், கைக்குழந்தையை ஏந்தியபடி பேசிச் செல்லும் பெண்களும், ஆடிக்கொண்டே வரும் கூட்டமுமாக ஊர்வலம் நகர்கிறது. வாக்கியங்கள் அரைப்புள்ளிகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, முடியாமல் நீண்டுகொண்டே போகின்றன. இந்தப் பத்தியில் இரண்டு செய்திகளை ஆசிரியர் அலங்காரம் போலத் தூவிவிட்டுப் போகிறார். ஒன்று, பந்தயக் குதிரைகளுக்குத் தலைக்கயிறு மட்டுமே உண்டு. வாயில் கடிவாள இரும்பு கிடையாது. மற்றொன்று, வடக்கிலும் மேற்கிலும் மலைகள் நகரைப் பாதி வளைத்து நிற்கின்றன. முதற்செய்தி, விலங்குக்குக்கூட வாய்க்கட்டு இல்லாத ஊர் இது என்று நம்மை மகிழச் செய்கிறது. ஒரு குழந்தை பூட்டிக் கிடப்பதைப் பின்னால் படிக்கும்போது அந்த மகிழ்ச்சி புளித்துப் போகிறது. இரண்டாவது செய்தி வெறும் நிலக்காட்சியாகத் தெரிகிறது; கதையின் கடைசிப் பத்தியில், நகரை நீங்குகிறவர்கள் மேற்கேயோ வடக்கேயோ அந்த மலைகளை நோக்கித்தான் போகிறார்கள். முதல் பத்தியில் பின்புலமாக நின்றது முடிவில் திசையாக மாறிவிடுகிறது.

வருணனை உச்சத்தில் இருக்கும்போதே கதைசொல்லி தடுமாறி நின்றுவிடுகிறார். மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது, ஒமேலாஸ் மக்களை எப்படி விவரிப்பது என்று கேட்கிறார். அது விடை வேண்டாத கேள்வி அன்று. உண்மையாகவே அவருக்குச் சிக்கல் இருக்கிறது. இலட்சிய உலகைப் பற்றிய கதைகளுக்கு நீண்ட மரபு உண்டு. 1516-இல் வெளிவந்த தாமஸ் மோரின் ‘உடோப்பியா’விலிருந்து 1888-இல் வெளிவந்த எட்வர்ட் பெல்லமியின் நாவல் வரை, அங்கே போய்ப் பார்த்தவர் ஒருவர், அல்லது அங்கேயே வாழும் வழிகாட்டி ஒருவர், சட்டம், உழைப்பு, உடைமை என ஒவ்வொன்றையும் உறுதியோடு விளக்குவார், வாசகர் கேட்டுக்கொள்வார். லெ க்வினின் கதைசொல்லிக்கு அந்த உறுதி இல்லை. அவர்களுடைய சட்டதிட்டங்கள் தமக்குத் தெரியாது என்கிறார். மிகக் குறைவாகவே இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார். ‘ஒருவேளை’, ‘என்று நினைக்கிறேன்’, ‘இருக்கலாம்’ என்பன போன்ற சொற்களால் முன்பாதி நிறைந்திருக்கிறது.

எது இருக்கிறது என்று சொல்ல முடியாதபோது எது இல்லை என்று சொல்லத் தொடங்குகிறார். அரசன் இல்லை, வாள் இல்லை, அடிமை இல்லை. இதுவரை பழங்கதையின் வாசனை. உடனே பட்டியல் திசை மாறுகிறது: பங்குச்சந்தை இல்லை, விளம்பரம் இல்லை, இரகசியக் காவல்துறை இல்லை, குண்டு இல்லை. வேற்று நகரத்தை வருணிப்பதாகச் சொல்லிக்கொண்டு, 1973-ஆம் ஆண்டின் அமெரிக்காவை ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லிச் சுட்டிவிடுகிறது இந்த எதிர்மறைப் பட்டியல். சாலையோரத்தில் கண்ட ஓர் ஊர்ப்பலகையைப் பின்னிருந்து முன்னாகப் படித்தபோதுதான் ‘ஒமேலாஸ்’ என்ற பெயர் கிடைத்தது என்று ஆசிரியரே பிற்பாடு எழுதியிருக்கிறார். பலகையில் இருந்த ஊர் (Salem, O.) ஓரகன் மாநிலத் தலைநகரான சேலம். (நம் சேலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

இல்லாமையால் ஒரு நாட்டை வருணிக்கும் முறை தமிழ் வாசகருக்குப் பழகியதுதான். கோசல நாட்டைச் சொல்ல வந்த கம்பர், ‘வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்’ என்று ஒரு பாடலைத் தொடங்குகிறார். வறியவர் இல்லாததால் கொடைக்கு வேலையில்லை, பகைவர் இல்லாததால் வீரத்துக்கு வேலையில்லை, பொய் இல்லாததால் வாய்மை என ஒன்று தனியே தெரிவதில்லை. உத்தி ஒன்றாக இருந்தாலும் இரண்டு ஊர்களும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. கோசலத்தில் துன்பம் இல்லாததால் இரக்கத்துக்கும் இடமில்லை. ஒமேலாஸிலோ மக்களின் இரக்கம், கலையின் ஆழம், கட்டடங்களின் மேன்மை, தம் பிள்ளைகளிடம் காட்டும் பரிவு யாவும் ஒரு குழந்தையின் துன்பத்தை அறிந்திருப்பதிலிருந்தே ஊறுகின்றன என்று கதைசொல்லி பின்னால் வெளிப்படையாகச் சொல்கிறார். கம்பர் கூசாமல் பாடிவிட்ட ஒன்றை, அதாவது துன்பத்தின் துணையில்லாத நிறைவை, லெ க்வினின் வாசகர் நம்ப மறுக்கிறார். அந்த மறுப்புதான் கதையின் உண்மையான கரு என்பது என் கருத்து.

அதைக் கதைசொல்லியே ஒளிக்காமல் எடுத்துச் சொல்கிறார். படித்த மேதாவிகள் ஊட்டி வளர்த்த கெட்ட பழக்கம் ஒன்று நமக்கு உண்டு என்கிறார்: மகிழ்ச்சி என்றால் சற்று அசட்டுத்தனம், வலிதான் அறிவார்ந்தது, தீமைதான் சுவையானது என்று எண்ணும் பழக்கம். தீமை எவ்வளவு சாதாரணமானது, வலி எவ்வளவு சலிப்பூட்டுவது என்பதை ஒப்புக்கொள்ள மறுப்பதைக் கலைஞன் செய்யும் துரோகம் என்று வன்மையாகக் கண்டிக்கிறார். முதன்முறை படிக்கிறவர்கள் இந்தப் பத்தியை ஆசிரியர் தம் கருத்தைத் திணிக்கும் இடமாகக் கருதித் தாண்டிவிடுவதுண்டு. தாண்டினால் பின்பாதி வெறும் நீதிக்கதையாகச் சுருங்கிவிடும். குற்றப்பத்திரிகை இங்கேயே வாசிக்கப்பட்டுவிட்டது. நிலவறை அதற்கான சான்று.

அடுத்து வருவது கதையின் மிகத் துணிச்சலான உத்தி. தம் வருணனை பழங்கதைபோல ஒலிக்கிறது என்று உணரும் கதைசொல்லி, எல்லாருக்கும் பொருந்துமாறு தம்மால் நகரை அமைக்க இயலாது, உங்கள் கற்பனைக்கு ஏற்றபடி நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள் என்று வேலையை வாசகரிடம் தள்ளிவிடுகிறார். வீடுகளைக் கதகதப்பாக்கும் வசதி, சுரங்க ரயில், துணி துவைக்கும் இயந்திரம், இன்னும் கண்டுபிடிக்கப்படாத மிதக்கும் விளக்குகள், எரிபொருள் வேண்டாத ஆற்றல், சளிக்கு மருந்து ஆகிய அனைத்தும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், உங்கள் விருப்பம். ஊர் மிகவும் ஒழுக்கமாகத் தெரிந்தால் காமக் களியாட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம் என்று கேலியாகச் சொல்கிறார். பூசாரிகளும் படைவீரர்களும் வேண்டாம் என்கிறார். ‘ட்ரூஸ்’ என்ற போதைப்பொருள் ஒன்றும், எளிய சுவை வேண்டுவோருக்குப் பீரும் வருகின்றன. இந்த ட்ரூஸ் பகுதி கொஞ்சம் காலாவதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றும். எழுபதுகளின் கலிஃபோர்னியக் காற்று அதில் தூக்கலாகவே வீசுகிறது. ஆனால் உத்தியின் வேலை அதனால் கெடவில்லை.

அந்த வேலை என்ன? ஒவ்வொரு ‘உங்கள் விருப்பம்’ என்ற சொல்லாலும் வாசகர் நகருக்குள் ஒரு கல்லை எடுத்து வைக்கிறார். தஸ்தயேவ்ஸ்கியின் ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் இவான் தன் தம்பி அல்யோஷாவிடம் கேட்கும் கேள்வி பலருக்கும் நினைவிருக்கும்: மனிதகுலத்தின் இன்பத்துக்கான மாளிகையை, ஒரே ஒரு சிறு குழந்தையின் கண்ணீரின்மேல் எழுப்ப வேண்டுமென்றால் அதற்குச் சிற்பியாக இருக்க நீ உடன்படுவாயா? அல்யோஷா உடன்பட மாட்டேன் என்கிறான். கேள்வி முன்கூட்டியே கேட்கப்படுவதால் மறுப்பதும் எளிதாகிறது. லெ க்வின் யாரிடமும் உடன்பாடு கேட்பதில்லை. முதலில் நம்மைக் கொண்டே மாளிகையைக் கட்டுவித்து, நமக்குப் பிடித்த வசதிகளைப் பொருத்தச் சொல்லிவிட்டு, அதன் பின்னர் நிலவறைக் கதவைத் திறந்து காட்டுகிறார். தஸ்தயேவ்ஸ்கியின் அந்தப் பகுதியைத் தாம் மறந்தே போயிருந்ததாக லெ க்வின் ஒரு குறிப்பில் சொல்லியிருக்கிறார். கதையின் துணைத்தலைப்பில் அவர் பெயர் குறிப்பிட்டிருப்பது தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸை. 1891-இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஜேம்ஸ், உலகின் ஏதோ ஒரு தொலைதூர விளிம்பில் தொலைந்துபோன ஓர் உயிர் தனிமையில் வதைபட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையின்பேரில் கோடிக்கணக்கானோருக்கு நிலையான இன்பம் வாய்த்தால், அந்தப் பேரத்தை அறிந்தே ஏற்றுத் துய்ப்பது எவ்வளவு அருவருப்பானது என்று உடனே உணர்வோம் என எழுதினார். லெ க்வின் இதில் செய்த மாற்றம் சிறிது, விளைவு பெரிது. தொலைதூர விளிம்பை அவர் காலடிக்குக் கீழே கொண்டுவந்தார். ஜேம்ஸ் எதிர்பார்த்த அருவருப்பு ஒமேலாஸ் மக்களுக்கும் வருகிறது. சில வாரங்களிலோ சில ஆண்டுகளிலோ அது அடங்கியும் விடுகிறது.

ஐயச்சொற்கள் நிறைந்த இந்த முன்பாதியில் கதைசொல்லி உறுதிபடச் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஒமேலாஸில் இல்லாதது ஒன்று எனக்குத் தெரியும், அது குற்றவுணர்வு என்கிறார். படிக்கும் வேகத்தில் இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்கிறோம். பாவம் இல்லாத ஊரில் குற்றவுணர்வு எதற்கு? பல பத்திகள் கழித்து, குழந்தையை ஏன் விடுவிக்கக் கூடாது என்ற வாதம் வரும்போது அதே சொல் திரும்பி வருகிறது. ஒருவருக்கு இன்பம் கிடைக்கலாம் என்ற வாய்ப்புக்காக ஆயிரமாயிரம் பேரின் இன்பத்தைத் தொலைப்பது, குற்றவுணர்வை மதில்களுக்குள் நுழையவிடுவது ஆகுமாம். அதாவது குழந்தையை அடைத்து வைத்திருப்பது குற்றமன்று, திறந்துவிடுவதுதான் குற்றம். முதலில் புகழ்ச்சியாகக் கேட்டது இங்கே நகரின் முழுச் சட்டப்புத்தகமாக விரிகிறது. இந்தக் கதையில் அங்கதம் எங்கே என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாலே போதும்.

திருவிழாக் காட்சி ஒரு சிறுவனோடு முடிகிறது. ஒன்பது அல்லது பத்து வயதிருக்கும் பிள்ளை ஒன்று கூட்டத்தின் ஓரத்தில் தனியே அமர்ந்து மரக்குழல் ஊதுகிறது. மக்கள் நின்று கேட்டுப் புன்னகைக்கிறார்கள். பேசுவதில்லை, ஏனெனில் பிள்ளை தன் இசையிலேயே மூழ்கி அவர்களைப் பார்ப்பதே இல்லை. பந்தயத் தொடக்கத்தில் இளம் வீரர்கள் குதிரைகளின் கழுத்தைத் தடவி, அமைதி, அமைதி, என் அழகே, என் நம்பிக்கையே என்று காதோடு சொல்கிறார்கள். உடனே கதைசொல்லி நம்மைப் பார்த்துக் கேட்கிறார்: நம்புகிறீர்களா? இந்தத் திருவிழாவை, நகரை, மகிழ்ச்சியை ஏற்கிறீர்களா? நம் விடைக்கு அவர் காத்திருப்பதில்லை. ‘இல்லையா?’ என்று தாமே எடுத்துக்கொண்டு, அப்படியானால் இன்னும் ஒன்றைச் சொல்கிறேன் என்று நிலவறைக்குள் இறங்குகிறார். வாசகர் நம்ப மறுத்ததால்தான் குழந்தை கதைக்குள் வருகிறது. வாக்கிய அமைப்பு அதைத்தான் சொல்கிறது. அந்த ‘இல்லையா?’வை நாம் சொல்லவில்லை என்று வாதிடலாம். ஆனால் அதுவரை படித்துவந்தபோது இதில் எங்கோ ஒரு சூது இருக்கிறது, இவ்வளவு இனிமை சரியில்லை என்று காத்துக்கொண்டிருக்காத வாசகர் அரிது.

இங்கே மொழி மாறுகிறது. இறந்தகாலத்தில் தொடங்கி, நடுவில் ஊகச்சொற்களில் அலைந்து, மெல்ல நிகழ்காலத்துக்கு வந்துகொண்டிருந்த நடை, அறைக்குள் நுழைந்ததும் நிகழ்காலத்திலேயே நிலைகொள்கிறது. வாக்கியங்கள் குறுகுகின்றன. பொது மாளிகையின் அடித்தளமா, தனியார் வீட்டின் நிலவறையா என்பதில் மட்டும் பழைய ஐயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எந்த வீட்டின் கீழும் இருக்கலாம் என்ற பொருளில் அந்த ஐயமும் இப்போது நம்மைச் சுடுகிறது. மற்றபடி எல்லாமே அளந்து சொல்லப்படுகின்றன. நீளம் மூன்று தப்படி, அகலம் இரண்டு தப்படி. ஈரமான மண்தரை. துருப்பிடித்த வாளி ஒன்று. அதன் பக்கத்தில் விறைத்துக் கட்டிதட்டி நாறும் தலைகளுடன் தரைதுடைக்கும் துடைப்பான்கள் இரண்டு. நாளுக்கு அரைக்கிண்ணம் சோளமாவும் கொழுப்பும் உணவு. குழந்தை பார்க்க ஆறு வயது போலிருந்தாலும் பத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. குழல் ஊதும் பிள்ளைக்கும் ஏறத்தாழ அதே வயது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்ற இணையை ஆசிரியர் சுட்டிக்காட்டாமல் எண்ணால் மட்டும் அமைத்துவிட்டு, பிறகுதான் ஒரு வாக்கியத்தில் கட்டுகிறார்: இருளில் அந்தப் பிள்ளை சிணுங்கிக்கொண்டிராவிட்டால் இந்தப் பிள்ளையால் மகிழ்ச்சியின் இசையை வாசிக்க முடியாது.

அந்தத் துடைப்பான்களிடம் சற்று நின்று பார்க்க வேண்டும். குழந்தைக்கு அவற்றைக் கண்டு பயம். கண்ணை மூடிக்கொள்கிறது, மூடினாலும் அவை அங்கேயே நிற்கின்றன என்று அதற்குத் தெரியும். தன்னை உதைத்து எழுப்பும் மனிதர்களைவிட அந்தக் குழந்தை அஞ்சுவது மூலையில் சாத்தியிருக்கும் இரண்டு துடைப்பான்களுக்குத்தான் என்பதுபோல எழுதியிருப்பது, கொடுமையைப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கமான நடைக்கு நேர்மாறானது. தீமை சாதாரணமானது, வலி சலிப்பூட்டுவது என்று முன்பாதியில் சொன்ன கொள்கையை ஆசிரியர் இங்கே செயலில் காட்டுகிறார்: அழகுபடுத்தாத, கவர்ச்சியற்ற, சிறிய அச்சம். ஆணா பெண்ணா என்பதையும் அவர் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் உயிரற்ற பொருளுக்கு வழங்கும் சுட்டுப்பெயராலேயே அதைத் தொடர்ந்து குறிப்பிடுகிறார், நகரமும் அதை அப்படித்தான் வைத்திருக்கிறது என்பதால்.

கதையின் மிகக் கொடிய செய்தியோ முழு வாக்கியமாகக்கூட வரவில்லை. குழந்தை எப்போதும் அந்த அறையில் இருந்ததில்லை, சூரிய வெளிச்சத்தையும் தாயின் குரலையும் அதனால் நினைவுகூர முடியும் என்பது, ‘சில நேரம் அது பேசுகிறது’ என்று சொல்லும் வாக்கியத்தின் நடுவில் ஓர் எச்சத்தொடராக நழுவிப் போய்விடுகிறது. அப்படியானால் ஒரு நாள் யாரோ அதைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து பூட்டியிருக்க வேண்டும். அந்தத் தாய் ஊர்வலத்தில் நடந்துகொண்டிருக்கவும் கூடும். இதில் எதையும் கதை சொல்வதில்லை. இந்தக் குழந்தைக்குப் பிறகு யார் என்பதையும் சொல்வதில்லை. நான் நல்லபிள்ளையாக இருப்பேன், வெளியே விடுங்கள் என்ற அதன் குரலுக்கு யாரும் பதில் சொல்லாததுபோல, இந்தக் கேள்விகளையும் கதை பதிலில்லாமல் விட்டுவிடுகிறது. குதிரையிடம் கொஞ்சிய குரலை இங்கே நினைத்துப் பார்த்தால், நேர்கூற்றாக வரும் இந்த இரண்டு பேச்சுகளும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது விளங்கும்.

பிறகு வருவது சமாதானம் சொல்லும் பகுதி. யாருடைய குரல் என்று பிரித்தறிய முடியாதபடி, ஊராரின் எண்ணத்தையே கதைசொல்லி தம் குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். விடுவித்தாலும் அது பெரிதாக இன்பம் துய்க்கப் போவதில்லை; அறிவு மங்கிப் போய்விட்டது; அதன் பழக்கங்கள் பரிவான நடத்துகைக்கு இணங்காதவை; இவ்வளவு காலத்துக்குப் பிறகு சுவரும் இருட்டும் இல்லாமல் அது துன்பப்படவே செய்யும். சொல்லுக்குச் சொல் நிதானம். ஓரிடத்திலும் வன்மம் இல்லை. குழந்தையைச் சிதைத்ததன் விளைவுகளையே, அதைச் சிதைந்தபடி வைத்திருப்பதற்கான காரணங்களாக அடுக்குகிறது இந்த வாதம். அதைவிடக் கூர்மையானது, இந்த நிபந்தனை எப்படி இயங்குகிறது, யார் விதித்தது, ஒரு கனிவான சொல் சொன்னால் நகரம் எவ்வாறு அழியும் என்பன பற்றிக் கதையில் ஒரு சொல்கூட இல்லாதது. முன்பாதியில் சுரங்க ரயில் உண்டா இல்லையா என்பதற்கே நம்மிடம் அபிப்பிராயம் கேட்டவர், இந்த நிபந்தனையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அது கண்டிப்பானது, விலக்கற்றது என்று முடித்துவிடுகிறார். நாமும் ‘ஏன்?’ என்று கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். மகிழ்ச்சிக்குக் காரணம் கேட்டு நச்சரித்த நாம் துன்பத்துக்குக் காரணம் கேட்கவில்லை.

இதைத்தான் அடுத்த வரி குத்திக்காட்டுகிறது: இப்போது அவர்களை நம்புகிறீர்களா? இப்போது அவர்கள் நம்பத்தக்கவர்களாகத் தெரிகிறார்கள் அல்லவா? முன்னர் கேட்ட அதே கேள்வி, இரண்டாம் முறை குற்றச்சாட்டாக மாறிவிட்டது. ஆம் என்பதுதான் நேர்மையான விடை. சித்திரவதைக்குள்ளான குழந்தை ஒன்று வந்ததும் நகரம் நமக்கு மெய்யாகிவிட்டது. ஆகவே முரண் என்று விடைத்தாளில் எழுதும்போது, ஒளிமிக்க நகரம் எதிர் இருண்ட அறை என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். வாசகரின் முதல் அவநம்பிக்கைக்கும் பிந்தைய நம்பிக்கைக்கும் இடையில் உள்ள முரணே கதையைத் தாங்கி நிற்கிறது.

நீங்குபவர்களைப் பற்றிய இறுதிப் பத்திதான் அதிகச் சண்டைக்கு இடமானது. அவர்கள் வீரர்களா, கையைக் கழுவிக்கொண்ட கோழைகளா? குழந்தை அங்கேயே கிடக்க, தாம் மட்டும் தூய்மையாக வெளியேறுவதில் என்ன அறம் இருக்கிறது என்ற வாதத்துக்கு வலு உண்டு, அமெரிக்க எழுத்தாளர் என்.கே. ஜெமிசின் 2018-இல் வெளியிட்ட மறுமொழிக் கதையின் தலைப்பே, தங்கிப் போராடுபவர்களைப் பற்றியது. லெ க்வினோ 1974-இல் எழுதிய மற்றொரு கதையின் நாயகியான ஓடோ என்னும் முதிய புரட்சிக்காரியை, ஒமேலாஸை விட்டு நீங்கியவர்களில் ஒருவர் என்று அறிமுகம் செய்தார். அந்த ஓடோவின் சிந்தனையிலிருந்துதான், லெ க்வினின் ஒரு நாவலில், அரசில்லாத சமூகம் ஒன்று பிறக்கிறது. ஆசிரியரின் மனத்தில் நீங்குதல் வெறும் ஒதுங்கல் அன்று என்பதற்கு இது சான்று. ஆனால் சான்று கதைக்கு வெளியே கிடைக்கிறது. கதைக்குள் பார்த்தால், அவர்களைப் புகழும் ஒரு சொல்கூட இல்லை. நல்லவர், துணிந்தவர் என்பன போன்ற அடைமொழி ஒன்றும் இல்லை. நடக்கிறார்கள், தெருவில் இறங்கித் தொடர்ந்து நடக்கிறார்கள், அழகிய வாயில்களைக் கடந்து நேரே வெளியேறுகிறார்கள், வயல்களைத் தாண்டுகிறார்கள், ஒவ்வொருவரும் தனியாகப் போகிறார்கள் என்று வினைகள் மட்டுமே அடுக்கி வருகின்றன. தொடக்கத்தில் நகரத்துக்கு வாரி இறைத்த நிறமும் இசையும் இவர்களுக்குக் கிடையாது. ஊர்வலமாகத் தொடங்கிய கதை ஒற்றை ஆளாக முடிகிறது. இந்தச் சண்டையில் ஒரு பக்கம் நின்று மற்றதை மறுப்பவர்கள் இந்த வறண்ட நடையைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் குறை.

அவர்கள் போகும் இடத்தை விவரிக்கவே முடியாது, அப்படி ஓர் இடம் இல்லாமலும் இருக்கலாம் என்று கதைசொல்லி சொல்கிறார். முன்பாதியில் விவரிக்க முடியாமல் தவித்தபோதெல்லாம் அவர் வேலையை வாசகரிடம் ஒப்படைத்தார். இங்கே அதைச் செய்வதில்லை, உங்கள் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதில்லை. துன்பத்தின் துணையில்லாத நகரத்தை நம்மால் கட்ட முடியவில்லை என்பது ஏற்கெனவே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அந்த இடம் மகிழ்ச்சியான நகரத்தைவிடவும் ‘நம்மில் பெரும்பாலோர்க்கு’ எண்ணிப் பார்க்க அரியது என்று எழுதும்போது, கதைசொல்லி தம்மையும் அந்த ‘நம்’முக்குள் சேர்த்துக்கொள்கிறார். கதைசொல்லி ஒமேலாஸின் குடிமகனா, வெளியாளா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். நகரின் சட்டம் தெரியாதவர், எனவே குடிமகன் அல்லர். மலைகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதவர், எனவே நீங்கியவரும் அல்லர். கோடைத் திருவிழாவை எப்படிச் சொல்வது என்று திணறி, நிலவறையை மட்டும் தப்படியளவு பிசகாமல் சொல்ல முடிந்த அவர் நிற்கும் இடம் வாசகரின் பக்கத்தில்தான்.